காற்றின் எடையும் குதிரைசக்தியும்

மோட்டார் வண்டியின் சக்தி முழுவதும் பெட்ரோலில் அடங்கியிருப்பதாகவே நாம் சாதாரணமாக எண்ணுகிறோம். ஆனால் ஒரு பங்கு பெட்ரோல் சரியாக எரிவதற்கு எடையில் ஏறத்தாழ 15 பங்கு காற்று வேண்டியிருப்பதால், சிலிண்டருக்குள் எவ்வளவு காற்றுப் புகுகிறதோ அந்தப் பிரமாணத்திலேயே யந்திரத்தின் குதிரைசக்தியும் அமைகிறது. வீணே வெளியேறும் புகையின் வேகத்தால் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே அச்சில் பூட்டிய மற்றொரு சக்கரத்தால் வெளிக்காற்றை அமுக்கி உள்ளே செலுத்தும் உபாயத்துக்கு ஸ்விட்ஸர்லாந்து தேசத்து எஞ்சினியர் ஆல்பிரட் பூக்கி 1905-ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார். டர்போ என்று இன்று வழங்குவது அதுவே.

அமுக்கம் கூடினால் அதே விகிதத்தில் குதிரைசக்தியும் கூடிவிடும் என்று நினைப்பது இயல்பே எனினும், உண்மை அதனின்றும் சற்று விலகியே இருக்கிறது. 1918-ல் சான்போர்டு மாஸ் என்ற அமெரிக்க எஞ்சினியர், விமானத்துக்கென்று அமைந்த லிபர்ட்டி யந்திரம் ஒன்றைக் கொலராடோ மாகாணத்தில் 14,000 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் பைக்ஸ் பீக் சிகரத்துக்கு ஏற்றிச் சென்று பரீட்சித்தார். கடல் மட்டத்தில் 350 குதிரைசக்தி தந்த அந்த யந்திரம் சிகரத்தில் 230-க்கு இறங்கி, டர்போவைப் பூட்டியதும் 356-க்கு ஏறியது. அவ்வளவு உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் நூற்றுக்கு 60-க்கும் சற்றுக் குறைவாகவே இருக்கும். குளிர் காரணமாக அதன் அடர்த்தியோ சுமார் 65 ஆக நிற்கும். யந்திரத்தின் சக்தி குன்றியதும் இந்த இரண்டாவது கணக்கை ஒட்டித்தான்.

அமுக்கப்பட்ட காற்று உஷ்ணமடைவதும், உஷ்ணமடைந்த காற்று விரிந்து அடர்த்தி குறைவதும் இயற்கையின் நியதி. 30 டிகிரி வெப்பமுள்ள காற்றை வளிமண்டல அழுத்தத்தைப்போல் இரு மடங்காக டர்போ அமுக்கும்போது, அதன் வெப்பம் 100 டிகிரியையும் எளிதில் தாண்டிவிடுவதால், உள்ளே புகும் காற்றின் எடை இரட்டிக்காமல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கோடு நின்றுவிடுகிறது. இந்த நஷ்டத்தை ஈடு செய்யவே, டர்போவுக்கும் சிலிண்டருக்கும் இடையில் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் வைக்கப்படுகிறது.

அமுக்கத்தை மேன்மேலும் ஏற்றிக்கொண்டே போகவும் இயலாது; உஷ்ணமும் அழுத்தமும் அளவு கடந்தால், தீச்சுடர் வந்து சேருமுன்னரே ஒரு பகுதிக் கலவை தானாக வெடித்து, 'நாக்கிங்' எனப்படும் அதிர்ச்சியால் பிஸ்டனைச் சேதப்படுத்தும். ஆதலின் அழுத்தமானியின் முள் இரண்டு யந்திரங்களில் ஒரே எண்ணைக் காட்டியபோதிலும், எதன் காற்று குளிர்ந்திருக்கிறதோ அதுவே, ஏனையவை சமமாயிருப்பின், அதிகக் குதிரைசக்தி தருவதோடு நெடுநாள் உழைக்கவும் செய்யும்.