'சி' மொழியில் ஒரு பரமபதம்



'சி' லேப் என்றால் நம்மில் பாதிப் பேருக்கு மெட்ரிக்ஸ் பெருக்கலை மனப்பாடம் பண்ணி டைப் அடிக்கிற வேலைதான். வெளியிலிருந்து வரும் எக்ஸாமினர் 3-க்கு 3 என்பதை 2-க்கு 3 என்று மாற்றிக் கேட்டால் முழி பிதுங்கிவிடும். அர்ரே உண்மையிலேயே மண்டையில் ஏற வேண்டுமானால், நமக்குத் தெரிந்த ஓர் ஆட்டத்தை நாமே எழுதிப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழித்து ஆடுகிறோமே பரமபதம், அதையே எடுத்துக்கொள்வோம். பழைய படங்களில் கட்டங்களின் எண்ணிக்கை படத்துக்குப் படம் மாறும். நமக்கு 100 கட்டம் போதும்.

படம் சதுரமாக இருக்கிறதே என்று உடனே 10-க்கு 10 அர்ரே போடத் தோன்றும். வேண்டாம். காய் போவது ஒரே பாதையில்தான்; ஆகவே 101 இடமுள்ள ஒற்றை வரிசை அர்ரே போதும். ஏன் 101? 'சி'யில் எண்ணிக்கை 0-விலிருந்து தொடங்கும். 0-வது இடம் இன்னும் ஆட்டத்தில் இறங்காத காய்க்கு. 100 இடம் மட்டும் கேட்டுவிட்டு 100-வது கட்டத்தில் எழுதினால் 'சி' வாய் திறக்காது. பக்கத்து நினைவகத்தில் எழுதிவிட்டுப் பேசாமல் இருக்கும்.

முதலில் ஒவ்வோர் இடத்திலும் அதன் எண்ணையே நிரப்புங்கள். பிறகு 4-ல் ஏணி, 25-க்கு ஏறும் என்றால் 4-வது இடத்தில் 25. 62-ல் பாம்பு, 18-க்கு இறக்கும் என்றால் 62-வது இடத்தில் 18. அவ்வளவுதான்! பாம்புக்கு ஒரு 'இஃப்', ஏணிக்கு ஒரு 'இஃப்' என்று முப்பது வரி எழுத வேண்டாம். காய் வந்து நின்ற இடத்தில் என்ன எண் இருக்கிறதோ அங்கே போகும். படத்தை மாற்ற அர்ரேயை மாற்றினால் போதும்.

ஒன்று கவனியுங்கள். காய் 97-ல் இருக்கும்போது 6 விழுந்தால் 103. அர்ரேயைப் பார்ப்பதற்கு முன்பே '100-ஐத் தாண்டுகிறதா' என்று கேட்டு, தாண்டினால் காயை நகர்த்தாமல் விட வேண்டும். வரிசை மாறினால் குப்பை எண் வரும்.

திரையில் வரையும்போதுதான் சதுரம் வேண்டும். கட்ட எண்ணில் 1 கழித்து 10-ஆல் வகுங்கள். ஈவு, கீழிருந்து எத்தனையாவது நிரை. மீதி, இடமிருந்து எத்தனையாவது நிரல். இரண்டையும் 0-விலிருந்து எண்ண வேண்டும். ஆனால் பரமபதம் மாடு உழுகிற மாதிரி திரும்பித் திரும்பிப் போகும். எனவே நிரை ஒற்றைப்படை என்றால் மீதியை 9-லிருந்து கழிக்க வேண்டும். 37-ஐப் பாருங்கள்: 36-ஐ வகுத்தால் ஈவு 3, மீதி 6. 3 ஒற்றைப்படை, ஆக நிரல் 3. தாளில் கட்டம் போட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

இனி தாயம். 'ரேண்ட்' எண்ணை 6-ஆல் வகுத்து மீதியோடு 1 கூட்டு என்றுதான் எல்லாரும் சொல்லித்தருவார்கள். அது லூடோ பகடைக்குச் சரி; நம்ம தாயக்கட்டைக்குச் சரியில்லை. கட்டை இரண்டு, ஒவ்வொன்றிலும் 0, 1, 2, 3 என நான்கு முகம். மொத்தம் 16 விதமாக விழலாம். அதில் 3 வர 4 வழி, தாயம் வர 2 வழி, இரண்டும் 0 ஆகிப் பன்னிரண்டு விழ ஒரே வழி. 6 போடவும் ஒரே வழிதான். பாட்டி பன்னிரண்டு போட்டால் வீடே கத்துகிறதே, அதற்குக் கணக்கு இதுதான்! ஆகவே 'ரேண்ட்'டை இரண்டு முறை கூப்பிட்டு, 4-ஆல் வகுத்த மீதிகளைக் கூட்டுங்கள். 0 வந்தால் 12 என்று கொள்ளுங்கள். தாயம் விழுந்தால்தான் காய் 0-விலிருந்து இறங்கும் என்பதையும் சேர்த்தால் ஆட்டம் வீட்டு ஆட்டமாகவே இருக்கும்.

'எஸ்ரேண்ட்'டை மெயினின் தொடக்கத்தில் ஒரே தடவை, கடிகார நேரத்தோடு கூப்பிடுங்கள். கூப்பிடாவிட்டால் ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் அதே எண்கள் அதே வரிசையில் விழும். லூப்புக்குள் வைத்தாலும் தொல்லை: அந்த நேரம் நொடிக் கணக்கில் வருவது, ஒரே நொடிக்குள் எத்தனை தடவை போட்டாலும் அதே எண்தான்.

ஆட்டத்தை நண்பனிடம் காட்டுமுன் 1600 தடவை கட்டையை உருட்டி எண்ணச் சொல்லுங்கள். 3 சுமார் 400, பன்னிரண்டு சுமார் 100 வந்தால் கட்டை நேர்மையானது. தாராளமாகக் கூப்பிட்டு ஆடலாம்.