குளிரில் முரண்டு பிடித்த லாரி!

செல்ப் சுற்றுகிறது, எஞ்சின் எழவில்லை! காரணம் என்ன?

அதிகாலை 4 மணி.

ஜனவரி மாதம். ஊட்டியை அடுத்த கேத்தி பள்ளத்தாக்கு. புல் தரை எல்லாம் வெள்ளை வெளேர் என்று கிடக்கிறது. உப்பை அள்ளித் தூவியது போல உறைபனி!

சாலை ஓரத்தில் ஒரு லாரி நிற்கிறது. அது நிறைய கழுவிய கேரட் மூட்டைகள். பொழுது விடிவதற்குள் மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போய்ச் சேர வேண்டும். ஏலத்துக்குப் பிந்தி வருகிற சரக்கை யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

டிரைவர் சாவியைத் திருப்புகிறார். "கிர்ர்... கிர்ர்..." என்று செல்ப் மோட்டார் சுற்றுகிறது. எஞ்சின் எழவில்லை.

மறுபடியும் திருப்புகிறார். மறுபடியும் "கிர்ர்..."தான்!

கிளீனர் பையனுக்கு மலையில் இதுதான் முதல் குளிர்காலம். பல் தந்தி அடிக்கிறது. "விடாமல் அடியுங்கள் அண்ணா! எடுத்துவிடும்!" என்கிறான்.

டிரைவர் சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக் கொள்கிறார்.

"பேட்டரியைக் கொன்றுவிட்டால் பிறகு யாரைக் கூப்பிடுவது? பேசாமல் கீழே இறங்கு. வண்டி என்ன சொல்கிறது என்று கேட்போம்" என்கிறார்.

தீப்பொறி கிடையாது!

வண்டி பேசுமா? பேசும். அதற்கு முன், டீசல் எஞ்சின் எப்படி ஓடுகிறது என்று தெரிந்து கொள்ள வேண்டும்.

பெட்ரோல் எஞ்சினில் "பிளக்" இருக்கிறது. அது தீப்பொறியை உண்டாக்கும். அந்தப் பொறியில் பெட்ரோல் பற்றிக் கொள்ளும்.

டீசல் எஞ்சினில் தீப்பொறியே கிடையாது. பிறகு எப்படி நெருப்பு வருகிறது?

சைக்கிளுக்குக் காற்று அடித்துப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். பத்து, இருபது தடவை வேகமாக அடித்த பிறகு பம்பின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருக்கும். காற்றை நெருக்கினால் அது சூடேறும்.

டீசல் எஞ்சினில் நடப்பதும் இதுதான். சிலிண்டருக்குள் இருக்கும் காற்றை, பிஸ்டன் பதினைந்தில் ஒரு பங்கு, இருபதில் ஒரு பங்கு என்கிற அளவுக்கு நெருக்கிவிடும். காற்றின் சூடு 500 டிகிரிக்கு மேல் போய்விடும். அந்த நேரம் பார்த்து டீசலைப் புகை போலப் பீச்சினால், குப் என்று பற்றிக் கொள்ளும்.

டீசல் என்பது ஒரு மனிதரின் பெயர்! ருடால்ப் டீசல் என்ற ஜெர்மானியர். 1858-ம் ஆண்டு பாரீஸ் நகரில் பிறந்தவர். 1897-ல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் தன்னுடைய எஞ்சினை ஓட்டிக் காட்டினார். பாவம், 1913-ல் கப்பலில் இங்கிலாந்துக்குப் போகும்போது இரவில் காணாமல் போனார். பிறகு கடலில் அவரது உடல்தான் கிடைத்தது. அவர் விட்டுச் சென்ற எஞ்சின்தான் இன்றைக்கு உலகம் பூராவும் பாரம் சுமக்கிறது.

சூடு எங்கே போகிறது?

குளிர் நாளில் எஞ்சினின் இரும்பு பனிக்கட்டி மாதிரி இருக்கும். காற்றை நெருக்கி உண்டாக்கிய சூட்டை அந்த இரும்பே உறிஞ்சிக் கொள்ளும். சூடு போதாவிட்டால் டீசல் பற்றாது.

ஊட்டிக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. அது கடல் மட்டத்தில் இருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி, கீழே இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். நெருக்குவதற்கே காற்று குறைவு!

மேட்டுப்பாளையத்தில் ஒரே திருப்பில் எழுகிற லாரி, ஊட்டியில் முரண்டு பிடிப்பது இதனால்தான். சமவெளியில் மறைந்து கிடக்கிற சின்னக் கோளாறு, மலையில் குளிர் வந்ததும் வெளியே தலை நீட்டும்.

காதும் கண்ணும்

நல்ல மெக்கானிக் முதலில் ஸ்பானரை எடுக்க மாட்டார். செல்ப் சுற்றும் சத்தத்தைக் கேட்பார். சைலன்சரில் வரும் புகையைப் பார்ப்பார்.

செல்ப் "டொக்" என்று மட்டும் சொல்லி நின்றாலோ, "ம்ம்... ம்ம்..." என்று முக்கி முனகினாலோ, முதலில் பேட்டரியைப் பார்க்க வேண்டும். குளிரில் பேட்டரியின் வலு குறையும். ஆனால் செல்ப் மோட்டாருக்கோ குளிரில்தான் அதிக வலு தேவை. எஞ்சின் ஆயில் பாகு போலக் கெட்டியாகி இருக்கும் அல்லவா? அதைக் கலக்கிக் கொண்டு சுற்ற வேண்டும்.

பேட்டரி நன்றாக இருந்தும் வலு வராமல் போகலாம். முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கும். அதைச் சுத்தம் செய்து, ஒயரை இறுக்கினால் போதும். எர்த் ஒயரையும் பார்க்க வேண்டும். பலர் இந்த எர்த் ஒயரை மறந்துவிட்டுப் புதுப் பேட்டரி வாங்கிக் காசைக் கரியாக்குகிறார்கள்.

ஆயில் டப்பாவில் "15 டபிள்யூ 40" என்று போட்டிருப்பதைப் பார்த்திருக்கலாம். அந்த "டபிள்யூ", குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து. அதன் முன்னால் உள்ள எண் குறையக் குறைய, குளிரில் ஆயில் இளகி ஓடும். எந்த எண் உள்ள ஆயில் ஊற்றலாம் என்பதை வண்டியோடு வந்த புத்தகத்தில் பார்த்துக் கொள்ள வேண்டும்.

இன்னொரு சின்ன யுக்தி. கிளட்சை மிதித்துக் கொண்டு சாவியைத் திருப்பினால், கியர் பெட்டியில் உறைந்த ஆயிலைச் சுற்றும் வேலை செல்ப் மோட்டாருக்கு மிச்சம்!

சரி, செல்ப் வேகமாகவே சுற்றுகிறது. எஞ்சின்தான் எழவில்லை. அப்போது?

சைலன்சரைப் பார்க்க வேண்டும்.

வெள்ளைப் புகை வந்தால், டீசல் போகிறது, ஆனால் எரியவில்லை என்று பொருள். சூடு போதவில்லை. வேன், ஜீப் போன்ற சிறிய டீசல் வண்டிகளில் இதற்காக "ஹீட்டர் பிளக்" உண்டு. சாவியைப் பாதி திருப்பியதும் அது நெருப்பாகப் பழுக்கும். முன்பக்கம் ஒரு சின்ன விளக்கு எரியும். அது அணைந்த பிறகுதான் செல்ப் அடிக்க வேண்டும். அவசரக்காரர்கள் அதற்குள் திருப்பிவிடுவார்கள்! பெரிய லாரிகள் பலவற்றில் இந்தப் பிளக் இல்லை. சிலவற்றில் உள்ளே போகும் காற்றைச் சூடேற்றும் ஹீட்டர் இருக்கும். இவை கெட்டிருந்தால் வெள்ளைப் புகைதான் வரும். பிஸ்டன் ரிங் தேய்ந்து காற்று கசிகிற கிழட்டு எஞ்சினிலும் இதே கதைதான். அதற்குப் பட்டறைதான் வழி.

புகையே வரவில்லையா? டீசலே போய்ச் சேரவில்லை!

கேத்தியில் நின்ற லாரியில், "சைலன்சரைப் பார். புகை வருகிறதா?" என்று டிரைவர் கேட்டார். பையன் டார்ச் விளக்கை அடித்துப் பார்த்தான்.

"ஒரு பொட்டுக் கூட இல்லை அண்ணா!"

"அப்படியானால் பாதிக் கதை முடிந்தது."

பந்தம் வேண்டாம்!

பையனுக்கு ஒரு யோசனை. "டீசல் உறைந்து போயிருக்கும் அண்ணா. துணியைச் சுற்றிப் பந்தம் கொளுத்தி டாங்கிக்கு அடியில் காட்டட்டுமா?"

டீசல் உறையுமா? உறையும். டீசலில் மெழுகு கலந்திருக்கிறது. கடுங்குளிரில் அந்த மெழுகு திரிந்து, பில்டரை அடைத்துக் கொள்ளும். லடாக்கில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரி வரை போகும். அந்த ஊர் லாரிக்காரர்கள் இதனால் பட்ட பாடு கொஞ்சம் அல்ல. பூஜ்யத்துக்குக் கீழே 33 டிகிரி வரையில் உறையாத குளிர்கால டீசல், அவர்களுக்காக 2019-ம் ஆண்டு நவம்பர் மாதம் விற்பனைக்கு வந்தது. அது பானிபட் சுத்திகரிப்பு ஆலையில் தயாரானது.

ஊட்டிக் குளிர் அந்த அளவுக்குப் போவது இல்லை. போனாலும் பந்தம் கூடாது. டாங்கியைச் சுற்றிலும் டீசல் கசிவும், ஆயில் பிசுக்கும், ரப்பர் குழாயும், ஒயரும் இருக்கின்றன. வண்டியே பந்தமாகிவிடும்!

காற்று போகும் வாயில் "ஈதர்" மருந்தைப் பீச்சுகிறவர்களும் உண்டு. அது ஹீட்டர் உள்ள வண்டியாக இருந்தால் வெடிக்கும். இன்னும் சிலர் குளிருக்காகக் கரியடுப்பைக் கேபினுக்குள் வைத்துக் கதவை அடைத்துக் கொண்டு தூங்குகிறார்கள். கரிப்புகையில் உள்ள விஷவாயுவுக்கு வாசனை கிடையாது. தூங்குகிறவர் எழுந்திருப்பது நிச்சயம் இல்லை.

பள்ளத்தில் உருட்டினால்?

மணி 4.30. பையன் சாலையைப் பார்த்தான். முன்னால் நல்ல சரிவு.

"அண்ணா! இரண்டாவது கியரில் போட்டு உருட்டிவிடலாமே! தானாக எடுத்துக் கொள்ளும்!"

டிரைவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"இதை இன்னொரு தடவை சொன்னால் நீ பஸ்சில்தான் ஊருக்குப் போவாய்!" என்றார்.

அவர் கோபப்பட்டதில் நியாயம் இருக்கிறது. பெரிய லாரியின் பிரேக், காற்றால் வேலை செய்கிறது. அந்தக் காற்றை அடைப்பது யார்? எஞ்சின்! எஞ்சின் ஓடாவிட்டால் புதுக் காற்று வராது. ராத்திரி முழுவதும் நின்ற வண்டியில் இருந்த காற்றும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து போயிருக்கும். மிச்சம் இருப்பது நாலு தடவை பிரேக்கை மிதித்தால் தீர்ந்து போகும்.

காற்று அடியோடு இல்லாவிட்டால், புதிய லாரிகளில் ஸ்பிரிங் பிரேக் சக்கரத்தைப் பிடித்துக் கொள்ளும். வண்டி நகராது. பழைய லாரியில் பிடிப்பதற்கு எதுவும் இல்லை. பவர் ஸ்டியரிங்கும் எஞ்சின் ஓடினால்தான் இளகும். எஞ்சின் எழாமல், பிரேக்கும் இல்லாமல், ஸ்டியரிங்கும் கல்லாகி, டன் கணக்கில் பாரத்தோடு மலைச்சரிவில் ஒரு லாரி! குன்னூருக்குக் கீழே மேட்டுப்பாளையம் வரை 14 கொண்டை ஊசி வளைவுகள். முதல் வளைவு வரைக்கும் போகுமா என்பதே சந்தேகம்தான்.

திருடன் அகப்பட்டான்

டிரைவர் டாங்கியில் இருந்து ஆரம்பித்தார். டீசல் இருக்கிறது. அங்கிருந்து கிளம்பும் குழாயைக் கையால் தடவிக் கொண்டே வந்தார். பில்டருக்கு ஒரு சாண் முன்னால் ரப்பர் குழாய் இணைகிற இடத்தில் விரல் நின்றது. ஈரம்!

கிளிப் தளர்ந்திருந்தது.

குளிரில் ரப்பர் விறைத்துச் சுருங்கும். பகலில் இறுக்கமாக இருக்கிற கிளிப், ராத்திரியில் தொளதொளத்துப் போகும். மயிரிழை சந்து போதும். அதன் வழியாகக் காற்று உள்ளே புகுந்துவிடும். குழாயில் இருந்த டீசல் மெல்ல மெல்ல டாங்கிக்கே திரும்பிப் போய்விடும். காலையில் பம்பு உறிஞ்சுவது டீசலை அல்ல, வெறும் காற்றை! லாரிக்காரர்கள் இதை "ஏர் பிடித்துவிட்டது" என்பார்கள்.

சாயங்காலம் நன்றாக ஓடி, காலையில் மட்டும் தகராறு செய்கிற வண்டி, அல்லது எழுந்து ஒரு நிமிஷத்தில் அணைந்து போகிற வண்டி என்றால், இந்தத் திருடனைத்தான் முதலில் தேட வேண்டும்.

டிரைவர் கிளிப்பை இறுக்கினார். பில்டர் மேல் உள்ள ஏர் ஸ்குருவைக் கொஞ்சம் தளர்த்தினார்.

"கை பம்பை அடி!" என்றார்.

பையன் அடித்தான். "புஸ்... புஸ்..." என்று நுரை வந்தது. இன்னும் அடித்தான். நுரை குறைந்து குமிழி வந்தது. பிறகு குமிழியும் நின்று, டீசல் கம்பி போலத் தெளிவாக வழிந்தது. டிரைவர் ஸ்குருவை இறுக்கிவிட்டார்.

இவ்வளவுதான் வேலை! ஆனால் பம்பில் இருந்து நாசிலுக்குப் போகிற இரும்புக் குழாய்களில் மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது. புதிய எஞ்சின்களில் அங்கே டீசலின் அழுத்தம், நாம் சுவாசிக்கும் காற்றின் அழுத்தத்தைப் போல 1,000 மடங்குக்கும் மேல்! தோலைத் துளைத்துக் கொண்டு உள்ளே போய்விடும்.

எழுந்தது எஞ்சின்!

டிரைவர் கிளட்சை மிதித்துச் சாவியைத் திருப்பினார். ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து விநாடிதான். எழவில்லை என்றால் இரண்டு நிமிஷம் பொறுக்க வேண்டும். இல்லாவிட்டால் செல்ப் மோட்டார் கருகிவிடும்.

"கிர்ர்... கிர்ர்..."

சைலன்சரில் வெள்ளைப் புகை எட்டிப் பார்த்தது.

"புகை அண்ணா, புகை!" என்று பையன் குதித்தான்.

எஞ்சின் இருமியது. தும்மியது. "தட... தட... தட..." என்று எழுந்துவிட்டது!

"ரேஸ் கொடுங்கள் அண்ணா!"

டிரைவர் கொடுக்கவில்லை. கெட்டியான ஆயில் மேலே ஏறி எல்லா இடத்துக்கும் போய்ச் சேர வேண்டாமா? அதற்குள் ரேஸ் கொடுத்தால் இரும்போடு இரும்பு உரசும். அவர் மெதுவாக ஓட விட்டார். புகை வெளுத்து, மெலிந்து, மறைந்தது.

காற்று முள் மேலே ஏறுகிற வரையில் அவர் கண் அதை விட்டு அகலவில்லை. முள் ஏறி நின்றது. இருந்த இடத்திலேயே பிரேக்கை இரண்டு தடவை மிதித்துப் பார்த்தார். பிறகுதான் ஹாண்ட் பிரேக்கை விடுவித்தார்.

மணி 5.10. கேரட் லாரி குன்னூரைப் பார்த்து நகர்ந்தது. பையன் மேட்டுப்பாளையத்தில் வாங்க வேண்டிய சாமான்களைச் சொல்லிக் கொண்டு வந்தான்: ஒரு புதுக் கிளிப், ஒரு முழ ரப்பர் குழாய்.

"அத்தோடு உனக்கு ஒரு கம்பளிக் குல்லாயும்!" என்றார் டிரைவர்.