மீத்திறனும் பரிந்துரையும்

அமெரிக்க அரசுப் பள்ளிகளில் 'கிஃப்டட்' என்றொரு பிரிவு உண்டு. நம் கல்வியியல்காரர்கள் மீத்திறன் மாணவர் என்று பெயர்க்கிறார்கள். ஆங்கிலச் சொல்லின் வேர் கொடை. கொடுத்தது யார், கடவுளா, மரபணுவா, அப்பன் சட்டைப்பையா என்ற கேள்விக்கே அந்தச் சொல் இடம் வைக்கவில்லை. திறன் ஏற்கெனவே இருக்கிறது, பள்ளிக்கூடம் அதை அடையாளம் மட்டும் காண்கிறது என்பதுதான் இந்தச் சொல்லாடலின் அடித்தளம். அப்படியானால் யார் அடையாளம் காண்கிறார்கள், எங்கே நின்று பார்க்கிறார்கள்?

வழக்கமாகச் சண்டை பரீட்சையைச் சுற்றியே நடக்கும். ஐ.க்யூ. பரீட்சை வெள்ளை நடுத்தர வர்க்கத்தின் மொழியில் எழுதப்பட்டது என்ற விமர்சனம் பழையது, நியாயமானதும்கூட. ஆனால் பரீட்சைக்கு முன்னாலேயே ஒரு தேர்வு முடிந்துபோகிறது. ஸ்டான்ஃபோர்டின் லூயிஸ் டெர்மன் 1921இல் கலிபோர்னியாவில் மேதைக் குழந்தைகளைத் தேடப் புறப்பட்டபோது எல்லாப் பிள்ளைகளையும் சோதிக்கவில்லை. வகுப்பில் கெட்டிக்காரப் பிள்ளை யார் என்று வாத்தியார்களிடம் கேட்டார்கள். வயதில் மிகச் சிறிய பிள்ளையையும் சேர்த்துக்கொண்டார்கள். அந்தப் பெயர்கள்தான் பரீட்சைக்குப் போயின. வாத்தியார் வாயில் வராத பெயர் டெர்மனின் அறிவியலுக்குள் நுழையவே முடியாது. (சோதித்துப் பார்த்துத் தேறாதென்று ஒதுக்கப்பட்ட வில்லியம் ஷாக்லி பிற்பாடு இயற்பியலில் நோபல் வாங்கினார். அதே ஷாக்லி, கறுப்பர்களுக்குப் பிறவியிலேயே அறிவு குறைவு என்று ஊர் ஊராகப் பேசியது தனிக் கூத்து.)

இந்த முன்தேர்வை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது ஃபுளோரிடா மாநிலத்தின் பிரோவார்டு மாவட்டம். அங்கே மீத்திறன் வகுப்புக்கு ஐ.க்யூ. 130 வேண்டும். சலுகை விலையில் மதிய உணவு பெறும் ஏழைப் பிள்ளைகளுக்கும் ஆங்கிலம் புதிதாகக் கற்கும் பிள்ளைகளுக்கும் 116 போதும். ஆக, சலுகை ஏட்டில் இருக்கத்தான் செய்தது. ஆனால் உளவியலாளர் முன்னால் பிள்ளை உட்கார வேண்டுமென்றால் வாத்தியார் சொல்லணும், இல்லை அப்பா அம்மா போய் நிக்கணும். வசதியுள்ளவர்கள் காசு கொடுத்துத் தனியார் உளவியலாளரிடம் சோதித்துச் சான்றிதழோடு வந்தார்கள். இரண்டு வேலை பார்க்கும் தாய் எந்த அலுவலகத்தில் போய் நிற்பாள்?

2005இல் மாவட்டம் ஒரு சின்ன மாற்றம் செய்தது. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அனைவருக்கும், யாருடைய பரிந்துரையும் இல்லாமல், சொற்கள் அதிகம் தேவைப்படாத ஒரு முதல்கட்டச் சோதனை. அதில் தேறியவர்களுக்கு ஐ.க்யூ. பரீட்சை. 130, 116 என்ற கோடுகளில் கைவைக்கவில்லை. விளைவைப் பொருளியலாளர்கள் டேவிட் கார்டும் லாரா ஜூலியானோவும் ஆராய்ந்தார்கள். மீத்திறன் பிரிவில் சேர்ந்த ஹிஸ்பானிய மாணவர் விகிதம் இருமடங்கையும் தாண்டியது. கறுப்பின மாணவர் விகிதம் 80 சதவீதம் கூடியது. ஏழைகள், ஆங்கிலம் கற்பவர்களோடு பெண்பிள்ளைகளும் பழைய முறையில் கண்ணில் படாமல் போயிருந்தார்கள்.

தரத்தைக் குறைத்தால்தான் விளிம்புநிலையினர் உள்ளே வரமுடியும் என்ற வாய்ப்பாட்டை நாமும் இங்கே கேட்டுக் காது புளித்தவர்கள்தான். பிரோவார்டில் தரம் இருந்த இடத்திலேயே இருந்தது. மாறியது பார்வை.

வாத்தியார்களைக் கெட்டவர்கள் ஆக்கிவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. கிரிசமும் ரெடிங்கும் 2016இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே மதிப்பெண் வாங்கியும் வெள்ளைப் பிள்ளையைவிடக் கறுப்பினப் பிள்ளைக்கு மீத்திறன் பிரிவில் இடம் கிடைக்கும் வாய்ப்பு பாதிதான். வாத்தியாரும் கறுப்பினத்தவராக இருந்தால் அந்த இடைவெளி பெருமளவு சுருங்குகிறது. இது தனிமனித வன்மம் அல்ல. கெட்டிக்காரப் பிள்ளை எப்படிப் பேசும், எப்படி உட்காரும் என்று நமக்குள் பதிந்துகிடக்கும் சித்திரம்தான் பரிந்துரை என்ற பெயரில் வேலை செய்கிறது.

அப்படியென்றால் எல்லோருக்கும் ஒரே பரீட்சை வைத்தால் தீர்ந்ததா? நியூயார்க் நகரம் 2008 முதல் அதைத்தான் செய்தது. நான்கு வயதுக் குழந்தைக்கு நகரம் முழுக்க ஒரே கேள்வித்தாள், ஒரே வெட்டுப்புள்ளி. ஏழைப் பகுதிகளின் பங்கு குறைந்தது. ஏனென்றால் பெற்றோர் விண்ணப்பித்தால்தான் பரீட்சை. பயிற்சிக்கூடங்கள் மழைக்காலக் காளானாய் முளைத்தன. எல்லோருக்கும் கதவு திறந்திருக்கிறது என்பதும், எல்லோரிடமும் நாமே போவது என்பதும் ஒன்றல்ல. 2021இல் அந்தப் பரீட்சை கைவிடப்பட்டது.

பிரோவார்டிலும் கதை சுபமாக முடியவில்லை. 2008 பொருளாதாரச் சரிவின் பின்விளைவாக நிதி வறண்டது. 2010இல் அந்தப் பொதுச்சோதனை நிறுத்தப்பட்டது. இனரீதியான இடைவெளி பழைய அளவுக்கே திரும்பியது. பரிந்துரை முறைக்கு மட்டும் செலவே கிடையாது.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. அதே மாவட்டத்தில் ஒரு விதி: நான்காம், ஐந்தாம் வகுப்பில் ஒரே ஒரு மீத்திறன் பிள்ளை இருந்தாலும் பள்ளி தனி வகுப்பு நடத்த வேண்டும். மீதி இடங்களை முந்தைய ஆண்டு மதிப்பெண்படி மற்ற பிள்ளைகளைக்கொண்டு நிரப்பினார்கள். 130 எடுத்து உள்ளே வந்தவர்களின் கணக்கு, வாசிப்பு மதிப்பெண்களில் குறிப்பிடத்தக்க உயர்வு இல்லை. அந்தக் கோட்டைத் தொடாமல், காலியிடத்தை நிரப்ப உட்காரவைக்கப்பட்டவர்கள்தான் பெரிய அளவில் முன்னேறினார்கள்; அதிலும் கறுப்பின, ஹிஸ்பானியப் பிள்ளைகள். வெளியே நின்ற வகுப்புகளுக்கு இதனால் நட்டமும் இல்லை.