பன்றிக்கும் கோழிக்கும் நடுவே ஒரு வேலி!

‘பன்றிக் காய்ச்சல்’ என்றதும் வயிற்றில் புளி கரைக்கிறதா? “நாங்க பன்னிக் கறியே சாப்பிடறதில்லையே, எங்களுக்கு எப்படி வரும்?” என்று கேட்பவர்களும் உண்டு. நன்றாக வேகவைத்த கறியால் இது வராது. மனிதர்களுக்குள் இருமல், தும்மல் வழியாகத்தான் பரவுகிறது.

பின்னே பன்றி மேல் ஏன் பழி?

2009 ஏப்ரலில் மெக்சிகோவிலும் அமெரிக்காவிலும் தெரியவந்த வைரஸ் இது. மே மாதமே ஹைதராபாத்துக்கு வந்துவிட்டது. ஆராய்ந்து பார்த்தால் பன்றி, பறவை, மனிதன் என மூன்று வழி ஃப்ளூ வைரஸ்களின் கலப்படம்!

பன்றியின் மூச்சுக்குழாய் செல்களில் இரண்டு வகைக் ‘கதவுகள்’ உண்டு. ஒன்று மனித ஃப்ளூவுக்குப் பொருந்தும்; இன்னொன்று பறவை ஃப்ளூவுக்கு. இரண்டும் ஒரே செல்லுக்குள் புகுந்தால் மரபணுத் துண்டுகள் இடம் மாறி, புது வைரஸ் பிறக்கலாம்.

உள்ளே நுழைந்தால் மட்டும் போதுமா? வைரஸ் தானாகப் பெருக முடியாது. கல்யாண வீட்டுக்கு வரும் சமையல்காரர் மாதிரிதான். அடுப்பு, பாத்திரம், அரிசி எல்லாம் வீட்டுக்காரருடையது. எடுபிடி ஆள்கூட அந்த வீட்டு ஆள்தான்! ஃப்ளூ வைரஸுக்கு அந்த எடுபிடி, நம் செல்லில் இருக்கும் ‘ஏஎன்பி32ஏ’ என்ற புரோட்டீன். 2016-ல் லண்டன் இம்பீரியல் கல்லூரி விஞ்ஞானிகள் இதைக் கண்டுபிடித்தார்கள்.

கோழியிடம் இந்தப் புரோட்டீன் கொஞ்சம் நீளம். நம்மிடம் குட்டை. அதனால் பறவை வைரஸுக்கு நம் உடம்பில் வேலை சரியாக ஓடாது. பன்றியிடமும் குட்டைதான். ஆனால் அது பறவை வைரஸோடு ஓரளவு ஒத்துப்போகிறது என்று 2020-ல் தெரியவந்தது. பறவை வைரஸ் நம்மைப் போன்ற பாலூட்டி உடம்புக்குப் பழக, பன்றி ஒரு ஒத்திகை மேடை!

எடுபிடியையே மாற்றிவிட்டால்? 2023-ல் பிரிட்டனில் கோழியின் அந்த மரபணுவைத் திருத்திப் பார்த்தார்கள். 10 கோழிகளில் 9 தப்பித்தன. வைரஸ் அளவைக் கூட்டியதும் பாதிக்குத் தொற்றிவிட்டது. வைரஸ், அதே குடும்பத்து வேறு புரோட்டீன்களைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டது. பொல்லாத விருந்தாளி!

ஆகவே, வேலி போடுவது நம் கையில்தான். அயோத்தியாப்பட்டணத்தில் இருப்பவர்களுக்கு நாமக்கல் கோழிப் பண்ணைகள் அடுத்த ஊர் சமாச்சாரம்தானே? கொல்லையில் நாட்டுக்கோழி வளர்க்கிறீர்களா? இதையெல்லாம் கவனியுங்கள்:

* கோழி, வாத்து, பன்றி மூன்றையும் ஒரே கொட்டகையில், ஒரே தண்ணீர்த் தொட்டியில் விடாதீர்கள்.

* செத்த கோழியைப் பன்றிக்குப் போடாதீர்கள்; சாக்கடையிலும் வீசாதீர்கள். கோழிகள் கொத்தாகச் செத்தால், வெறும் கையால் தொடாமல் உடனே அரசு கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள்.

* காய்ச்சல், சளி இருப்பவர் கொட்டகைப் பக்கம் போக வேண்டாம். நம் வைரஸும் பன்றிக்குத் தொற்றும்!

* கர்ப்பிணிகள், வயதானவர்கள், சர்க்கரை, ஆஸ்துமா உள்ளவர்கள் வருஷா வருஷம் ஃப்ளூ தடுப்பூசி பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

* காய்ச்சலோடு மூச்சு வாங்கினால் கஷாயத்தோடு காத்திருக்காதீர்கள். ஃப்ளூ மாத்திரை முதல் 2 நாளுக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன் தரும்.