நெஞ்சு வலிக்கும்போது பட்டியலைத் தேட முடியுமா?

குயிலாப்பாளையத்திலிருந்து மரக்காணம் உப்பளங்கள் வரை உள்ள கடலோர ஊர் ஒன்றில், முன்னாள் படைவீரர் ஒருவருக்கு நள்ளிரவில் மாரடைப்பு வந்தால் வீட்டார் எங்கே கொண்டுபோவார்கள்? எந்த மருத்துவமனை பக்கமோ, எங்கே கதவு திறந்திருக்கிறதோ, அங்கேதான். அது அரசு அங்கீகரித்த மருத்துவமனைகளின் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்க அப்போது யாருக்கும் நேரம் இருக்காது. ஆனால் செலவு யார் தலையில் விழும் என்பதை அந்தப் பட்டியல்தான் தீர்மானிக்கிறது. முன்னாள் படைவீரர்களுக்கான ‘இ.சி.எச்.எஸ்’ மருத்துவத் திட்டம் 2003 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. உறுப்பினர்கள் பங்களிப்புத் தொகை கட்டிச் சேரும் திட்டம் இது. பட்டியலில் உள்ள மருத்துவமனை என்றால், அவசர காலத்தில் பரிந்துரைக் கடிதம் இல்லாமலே, கையிலிருந்து பணம் கட்டாமல் சிகிச்சை பெறலாம். பட்டியலில் இல்லாத இடம் என்றால், 2 நாளுக்குள் திட்டத்தின் பாலிகிளினிக்குக்குத் தகவல் சொல்லி, முழுப் பணத்தையும் முதலில் கட்டி, பிறகு பில்லோடு விண்ணப்பிக்க வேண்டும். திரும்பக் கிடைப்பதும் கட்டிய தொகை அல்ல. மத்திய அரசு ஊழியர் சுகாதாரத் திட்டம் வகுத்த கட்டணம் மட்டுமே. 2014-இல் வகுத்த அந்தக் கட்டணங்களில் 2023-இல் சில மட்டும் திருத்தப்பட்டன. விரிவான திருத்தம் 2025-இல்தான் வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளின் விலை ஏற்றத்தை ஓய்வூதியக்காரரின் சேமிப்பே தாங்கியது.

இந்த முறை மாற வேண்டும். பணம் தருவதற்கு அவசரம் உண்மையா என்பதே அளவுகோலாக வேண்டும். மருத்துவமனையின் பெயர் அல்ல. உச்ச நீதிமன்றம் இதை ஏற்கெனவே சொல்லிவிட்டது. ஓய்வுபெற்ற மத்திய அரசு அதிகாரி சிவகாந்த் ஜா தொடுத்த வழக்கில், 2018-இல், மருத்துவமனை பட்டியலில் இல்லை என்பதற்காக மட்டும் செலவுத் தொகையை மறுக்கக் கூடாது என்றது. சிகிச்சை உண்மையில் நடந்ததா, மருத்துவர் அதைச் சான்றளித்தாரா என்பதே பார்க்க வேண்டியது என்றும் சொன்னது. ஆனால் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு முதியவரும் நீதிமன்றப் படி ஏற முடியாது. ஏறினாலும் சுட்டிக்காட்டச் சட்டம் இல்லை: இ.சி.எச்.எஸ் 2002 டிசம்பர் 30 தேதியிட்ட அரசாணையில் பிறந்த திட்டம். நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அல்ல. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் துறை சாராத மருத்துவமனைகளில் பெறும் அவசர சிகிச்சைக்குப் பணம் தருவதை 1999-இலேயே சட்டமாக்கினார்கள். அங்கும் நிபந்தனைகள் உண்டு, வழக்குகளும் உண்டு. ஆனால் அங்கே வாதாடுபவர் சட்டத்தின் ஒரு பிரிவைச் சுட்டி வாதாட முடிகிறது.

கட்டுப்பாடு தளர்ந்தால் தனியார் மருத்துவமனைகள் பில்லை ஏற்றிவிடும், அரசின் பணம் எல்லையற்றதல்ல என்பது நியாயமான கவலை. 1998-இல் பஞ்சாப் அரசு தொடர்பான வழக்கில், அரசு தன் நிதிநிலைக்கேற்பக் கட்டண வரம்பு வைக்கலாம் என்று உச்ச நீதிமன்றமே ஏற்றது. வரம்பு வேண்டாம் என்று இங்கே கேட்கவில்லை. அந்த வரம்பு நோயாளியைக் கட்டுப்படுத்துகிறது, மருத்துவமனையைக் கட்டுப்படுத்தவில்லை என்பதே குறை. இதற்கு வழி நம் பக்கத்திலேயே இருக்கிறது. 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், விபத்தில் சிக்கியவரின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு, தொடக்கத்தில் 1 லட்சம் ரூபாய் உச்சவரம்போடு, வகுத்த கட்டணத்தைத் தமிழக அரசே மருத்துவமனைக்குக் கொடுத்தது. அதிலும் பட்டியல் உண்டு, வரம்பும் உண்டு. ஆனால் அடிபட்டவரிடம் முன்பணம் கேட்பதில்லை. இதே வழியை முன்னாள் படைவீரர்களுக்குப் பட்டியலுக்கு வெளியேயும் விரிக்க வேண்டும். காலத்துக்கேற்ற கட்டணம், அதற்கு மேல் நோயாளியிடம் வாங்கத் தடை, மருத்துவமனைக்கு நேரடிப் பணம், முடிவு சொல்ல ஒரு மாதக் கெடு ஆகிய நான்கையும் நாடாளுமன்றம் சட்டமாக்க வேண்டும். எல்லையில் நின்றவரை, எந்த மருத்துவமனை வாசலில் இறங்கினாய் என்று கேட்டுத் திருப்பி அனுப்புவது நாட்டுக்கு அழகல்ல.