மங்கிய ஒளியில் ஒரே குண்டு

ஸ்காட்லாந்து மலைநாட்டில் ஓநாய்கள் அழிந்து சில நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. அடித்துத் தின்ன ஆளில்லாமல் பெருகிய மான்கள் பைன், பிர்ச் கன்றுகளைத் தளிரிலேயே மேய்ந்துவிடுவதால் காடு தழைப்பதில்லை. அதனால் ஆண்டுதோறும் மான்களைச் சுட்டு எண்ணிக்கையைக் குறைக்கிறார்கள். சுட்டே தீரவேண்டும் என்றால், அந்த உயிர் துடிக்காமல் போக வேண்டும். எந்த ஸ்கோப், எந்தத் தோட்டா என்ற கேள்விக்கு அங்கே இதுதான் அடிப்படை.

மான்கள் மேய வருவது பெரும்பாலும் விடியலிலும் அந்தியிலும். ஆகவே ஸ்கோப்பில் முதலில் பார்க்க வேண்டியது வெளிச்சம். முன்கண்ணாடியின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால், கண்ணை வந்தடையும் ஒளிக்கற்றையின் அகலம் தெரிந்துவிடும். 8 மடங்கு பெரிதாக்கும், 56 மில்லிமீட்டர் முன்கண்ணாடி கொண்ட 8x56 ஸ்கோப்பில் அது 7 மில்லிமீட்டர். இருட்டில் இளைஞர் ஒருவரின் கண்மணி விரிவதும் ஏறக்குறைய அவ்வளவே. அதே 56 மில்லிமீட்டர் கண்ணாடியில் 16 மடங்கு பெரிதாக்கினால் 3.5 மில்லிமீட்டர்தான் மிஞ்சும். மான் பெரிதாகத் தெரியும், ஆனால் மங்கலாக. கை நடுக்கமும் கூடவே பெரிதாகும். கடையில் உருப்பெருக்கத்தைப் பார்த்து மயங்குவது வீண்செலவு. மழையும் மூடுபனியும் ஓயாத அந்த ஊரில், உள்ளே நைட்ரஜன் அடைத்து ஆவி படியாமல் செய்த ஸ்கோப்புக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசு தகும்.

தோட்டாவில் குண்டின் அமைப்புதான் முக்கியம். முழுதும் உலோக உறையிட்ட ராணுவக் குண்டு, மானின் உடலை ஊசிபோல் துளைத்துக்கொண்டு வெளியேறிவிடக்கூடும். மான் காயத்தோடு ஓடி, எங்கோ புதரில் கிடந்து மெல்லச் சாகும். ஆகவே உடலுக்குள் விரியும்படி செய்த குண்டைத்தான் சட்டம் அனுமதிக்கிறது. 1985ஆம் ஆண்டு ஆணைப்படி, சிவப்பு மானுக்கான குண்டு குறைந்தது 100 கிரெயின், அதாவது சுமார் 6.5 கிராம் எடை இருக்க வேண்டியிருந்தது. குழலை விட்டு நொடிக்குக் குறைந்தது 2,450 அடி வேகத்தில் கிளம்ப வேண்டும். .308 வின்செஸ்டர் தோட்டா இதை எளிதாக எட்டும். உதை குறைந்த .243 வின்செஸ்டரும் 100 கிரெயின் ஈயக் குண்டோடு எட்டும்.

சிக்கல் ஈயத்தால் வந்தது. சுட்ட இடத்தில் விட்டுச்செல்லும் குடலைக் கழுகுகள் தின்னும்போது, அதில் சிதறிய ஈயத் துணுக்குகளும் உள்ளே போகின்றன. மாற்று, செம்புக் குண்டு. ஆனால் செம்பு ஈயத்தைவிட லேசானது. அதே எடைக்குக் குண்டு நீளமாகிவிடும், நீண்ட குண்டைச் சுழற்றி நேராகப் பறக்கவைக்கப் பல .243 குழல்களால் முடியாது. அதனால் 2023இல் எடை வரம்பை 80 கிரெயினாகத் தளர்த்தினார்கள்.

செம்புக்கு மாறுபவர் காட்டுக்குப் போகுமுன் ஸ்கோப்பை மறுபடியும் இலக்குப் பலகையில் சுட்டுச் சரிசெய்தாக வேண்டும். துப்பாக்கியும் ஸ்கோப்பும் பழையவைதான் என்றாலும், புதிய குண்டு 100 கெஜத்தில் ஓரிரு அங்குலம் தள்ளிப் பாயலாம்.