பானகம்

பானகம் என்பது வெல்லத்தைத் தண்ணீரில் கரைத்து, புளிப்பும் சுக்கும் ஏலக்காயும் சேர்த்து, அடுப்பில் ஏற்றாமல் செய்யப்படும் பானம். பானக்கம், பானக்கரம் என்றும் வழங்கப்படுகிறது. இராம நவமியன்று கோயில்களில் நீர்மோருடன் இதையும் தருவது வழக்கம்.

திருவண்ணாமலையில் மலையைச் சுற்றும் கிரிவலப் பாதை சுமார் 14 கிலோமீட்டர். சித்திரைப் பௌர்ணமியன்று வெயிலிலேயே நடக்கத் தொடங்குவோருக்குப் பானகத்தின் அருமை தெரியும். வியர்வையில் நீரோடு உப்பும் போய்விடுவதால் ஒரு சிட்டிகை உப்பு அவசியம். அது இல்லாவிட்டால் பானகம் வெறும் இனிப்புத் தண்ணீர்தான். ஐஸ் கட்டி வேண்டாம், மண்பானையே போதும். எந்தத் தண்ணீரில் கரைத்தது என்று கேட்டுக் குடிப்பதில் தவறில்லை. நீரிழிவு உள்ளவர்களுக்கு நீர்மோரே ஏற்றது.

ஊருக்கு ஊர் மாறுவது முக்கியமாகப் புளிப்புதான். சில இடங்களில் எலுமிச்சை, சில இடங்களில் புளிக்கரைசல். புளி சேர்த்தால் நிறம் கருக்கும், சுவை அழுத்தமாகும். விதை விழுந்த எலுமிச்சைப் பானகம் நேரமானால் கசக்கும். பெருமாள் கோயில்களில் துளசி, பச்சைக் கற்பூரம் சேர்ப்பதுண்டு. ஆந்திரத்தின் மங்களகிரியில் நரசிம்மருக்கு நிவேதனமே பானகம்தான். மூலவரின் வாயில் ஊற்றி, மீதியைப் பக்தர்களுக்குத் தருகின்றனர். யாழ்ப்பாணத்துத் தண்ணீர்ப் பந்தல்களில் சர்க்கரைத் தண்ணீரும் ஊறுகாய்த் தண்ணீரும் இதே வேலையைச் செய்கின்றன.

கார்த்திகை தீபத்தின்போது நிலைமை வேறு. மழையும் குளிருமான அந்த இரவுகளில் கிரிவலப் பாதையில் நடப்பவர்கள் தேடுவது சுக்குக் காபியை. அதே சுக்கு, இப்போது மல்லியும் கருப்பட்டியும் சேர்ந்து கொதிக்கிறது; பெயரில் காபி இருந்தாலும் பெரும்பாலும் காபித்தூள் இருக்காது.